ஓடையில் வந்த நாரத்தை

மண் சரிந்து மேலூர்ப் பாதையை மூடி மூன்று நாளாகிவிட்டது. அங்கே கட்டிக்கொடுத்த மகள் மாதி ஐந்து மாதக் கர்ப்பிணி. போனும் போகவில்லை. நஞ்சம்மாளும் அவள் புருஷன் ரங்கனும் செம்மண்ணாகப் பெருகி ஓடும் ஓடைக்கரையை விட்டு நகரவில்லை. மேலே, மாதியின் வீட்டை ஒட்டி, ஓடைப் பாறையிடுக்கில் ஒரு காட்டு நாரத்தை நிற்கிறது. பழுத்தாலும் பழம் பச்சைதான். தோல் தேரையின் முதுகு மாதிரி இருக்கும். ஓயாத சாரலும் ஈரப் பாறையும் இல்லாமல் அது காய்க்காது. கீழே கொண்டுவந்து நட்ட கன்றுகளெல்லாம் முள்ளும் இலையுமாகவே நிற்கின்றன. ஓடையில் நாரத்தை மிதந்து வந்தால் அது அந்த மரத்துப் பழம்தான்.

காலையில் இரண்டு பழங்கள் வந்தன.

"மரம் நிக்குது," என்றான் ரங்கன்.

"மரத்த வச்சு நான் என்ன பண்ண?"

வெயில் ஏறியபோது மூன்றாவது வந்தது. ரங்கன் தடுப்பதற்குள் அவள் தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துவிட்டாள். ஒரு பக்கம் கடிபட்டிருந்தது.

"குரங்கா இருக்கும்," என்றான், ஆசைப்படப் பயந்தவனாக.

"இந்தப் புளிப்பக் குரங்கு மோந்துகூடப் பாக்காது."

பல்தடத்துக்குப் பக்கத்திலேயே அவளும் ஒரு கடி கடித்தாள். முகம் மொத்தமும் சுருங்கியது. கண்ணில் நீர் கொட்டியது. மூன்று நாளில் அவள் வாயில் வைத்த முதல் பண்டம் அது.

"அஞ்சு மாசமாச்சு," என்றாள் சக்கையைத் துப்பிவிட்டு, "கழுதைக்கு இன்னும் மசக்கை விடல பாரு."