மாளிகைப் படியில் புதுச்செருப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மானுட வரலாற்றின் மாபெரும் கறையைக் கழுவும் பொருட்டு, பெரிய பண்ணையின் மாளிகை அடிமைமுறை அருங்காட்சியகமாகிவிட்டது. திறந்த அன்றே வந்துவிட்டார், சிறுவயதில் அங்கே மாடு மேய்த்த வீரய்யன். அந்தத் தரையில் செருப்புக் காலோடு ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பதற்காகவே புதுச்செருப்பு வாங்கியிருந்தார்.

“இந்தப் படிக்கு மேல் பண்ணையாட்கள் செருப்போடு ஏறினால் சாட்டையடி,” என்று தழுதழுத்தாள் வழிகாட்டிப் பெண்.

வீரய்யன் வாசலோரத்து நெல்லிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மரத்தடியிலதான் தாயி, எங்கம்மா கூழு ஊத்தும். பயலுங்க நாங்க முண்டியடிப்போம். என்ன சிரிப்பு, என்ன கும்மாளம்! வாங்குன அடிகூட மறந்துபோச்சு, அந்தக் கூழு வாசம் போவல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

“ஐயா, ஐயா! செருப்பு! பழங்காலத்துத் தரை, கீறல் விழுந்துடும்,” என்று பதறி ஓடிவந்தாள் அவள்.

“அப்பவும் இதையேதான் சொன்னாங்க தாயி.”

“ரூல்ஸ்ங்கய்யா. நான் என்ன பண்றது?”

வீரய்யன் நெல்லிமரத்தை இன்னொரு தடவை பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.

இந்தத் தடவை அதற்கு டோக்கன் கொடுத்தார்கள்.