இன்ஜின் எந்தப் பக்கம்?

"இந்தப் பழைய ஜாகுவார் மணிக்கு இருநூத்தி நாப்பது கிலோமீட்டர் போகுமுங்க. போர்ஷே இருநூத்திப் பத்துதான்," என்று கட்டிலில் படுத்திருந்த கணவன் தனபாலிடம் படத்தைக் காட்டினாள் சத்யபிரியா.

"ஊட்டு வேலையை உட்டுட்டுக் கார் கதையா? ரெண்டுல எது பத்து டன் ஏத்தும்?" என்றார் மாமனார் மணியன்.

"ரெண்டுக்கும் இன்ஜின் முன்னாடிதானுங்க," என்றாள் அவள்.

"லாரிக்கும் அங்கதான். இதுலென்ன அதிசயம்?"

"பின்... பின்னாடி," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "போர்ஷேக்குப் பின்னாடி!"

மணியன் எழுந்து நின்றுவிட்டார். தை மாதம் போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தனபால், அதற்குப் பிறகு இன்றுதான் வாய் திறக்கிறான்.

"உனக்கு அது தெரியாதா அம்மிணி?"

"தெரியுமுங்க மாமா. கார் விசயத்துல தப்பாச் சொன்னா அவருக்குப் பொறுக்காதுங்க."

மணியன் நாற்காலியை மகன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜாகுவாருக்கு மூணு சக்கரந்தானே, சாமி?"