புள்ளிக் கன்று

"பசுவும் கறுப்பு, காளையும் கறுப்பு. கண்டுக்குட்டி மட்டும் எப்பிடி வெள்ளைப் புள்ளியோட வந்திச்சு, டொக்டர்? வேற காளை ஒண்டும் இந்தப் பட்டிக்குள்ள வரல்ல."

மாட்டு வைத்தியர் கோகுலன் கன்றின் தொப்புளுக்கு மருந்து போட்டபடியே சிரித்தார்.

"பசுவைச் சந்தேகப்படாதீங்க, உதுமாலெவ்வை காக்கா. அந்தப் புள்ளி தாய்க்குள்ளயும் தகப்பனுக்குள்ளயும் ஒளிஞ்சு கிடந்திருக்கு. கறுப்பு அதை மறைச்சிரும். ரெண்டு பக்கத்தாலயும் வந்து சேர்ந்தாத்தான் குட்டியில வெளிய தெரியும்."

"மனிசருக்கும் அப்பிடியா?"

"ஓம், கொஞ்சம் அப்பிடித்தான்."

"தாய்க்கும் தகப்பனுக்கும் கறுப்புக் கண். பிள்ளைக்குப் பூனைக்கண் வருமா?"

"வரும். ஏன் கேக்கிறீங்க?"

உதுமாலெவ்வை கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறந்த மகளின் பூனைக்கண்ணைப் பார்த்துவிட்டு, கல்முனைக்குடிக் கடற்கரையில் மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டிலிருந்து அவர் கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தார். இந்தப் பட்டிக்கு வந்து தங்கிய பத்தாம் நாள், சுனாமி அந்த வீட்டைத் தாயோடும் பிள்ளையோடும் கொண்டுபோனது.

"அண்டைக்கு வீட்டில இல்லாததால நான் தப்பிட்டன் எண்டு ஊரே சொல்லுது, டொக்டர்," என்றார். "ஏன் இல்லையெண்டு இன்னும் ஒருத்தரும் கேக்கல்ல."