சேவல் ஓட்டிப் பார்த்த மின்சாரக் கார்

ஒரு சேவலும் கோழியும் தங்கள் ஆறு குஞ்சுகளோடு மின்சாரக் கார் பார்க்கப் போயின. வீட்டிலிருந்த பழைய டீசல் வண்டி, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாரையும் உலுக்கி எடுத்துவிடும். குஞ்சுகள் வழியெல்லாம் அழும்.

"சின்ன எஸ்யூவிங்க, விலையும் கம்மி. ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தது கடைக்கார ஆடு.

சேவல் ஓட்டியது. சந்தைத் தெரு நெரிசலில் வண்டி சுலபமாகத் திரும்பியது. வேகத்தடைகளில் அலுங்காமல் ஏறி இறங்கியது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய் வரலாம் என்றது ஆடு. ஆனாலும் சேவலின் முகம் தெளியவில்லை.

"என்னங்க குறை?" என்று கேட்டது கோழி.

"சத்தமே இல்லையே! பழைய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நான் வர்றது ஊருக்கே தெரியும். இதுல வந்தா யார் திரும்பிப் பார்ப்பா?"

கோழி பின்சீட்டைக் காட்டியது. ஆறு குஞ்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. சேவல் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தது.

"சரி, இதையே எடுத்துக்கலாம்" என்றது மெல்லிய குரலில்.

திங்கட்கிழமை காலை புது வண்டி சத்தமில்லாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. சேவல் கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, "கொக்கரக்கோ!" என்று கூவியது. வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குஞ்சுகள் வெட்கத்தோடு தலையைக் குனிந்தபடி இறங்கி ஓடின.