சித்தப்பா பேரு இல்லை

"ஏட்டி அஞ்சலி, சொந்தச் சித்தப்பா பேரையே சேக்கல்லியாமே நீ?"

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலிக்குச் சுருக்கென்றது. கேட்டவள் பூக்கட்டும் ஷிஜி.

"உனக்கு ஆரு சொன்னா?"

"உனக்க சித்தப்பாதான். டீக்கடையில வச்சு எல்லாருகிட்டயும் சொல்லிச் சங்கடப்படுகாரு. தூக்கி வளத்த பிள்ளை, எம்பேரையே விட்டுட்டாளேன்னு. பாவம்ட்டி அந்த மனுசன்."

அஞ்சலி விலையைக்கூடக் குறிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விஷயம் கல்யாணப் பத்திரிகை இல்லை. அப்படி ஆகிப்போனதுதான் கூத்து.

தினமும் தோவாளைப் பூ விலையைப் போடுவதற்கென்று அஞ்சலி ஒரு வெப்சைட் நடத்தினாள். பூ வியாபாரிகளும் கல்யாண வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். துபாயில் உட்கார்ந்துகொண்டு, மல்லிகை விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. அதில் வந்த விளம்பரக் காசில்தான் குடும்பம் ஓடியது, புது வீடும் எழும்பியது.

கொஞ்ச காலமாக சைட்டைப் பார்க்கிற கூட்டம் கூடியது, வருமானமோ குறைந்தது. எவனோ முகம் தெரியாதவன் அவள் சைட் பேரைச் சொல்லி விளம்பரம் விற்று, காசை விழுங்கிக்கொண்டிருந்தான்.

விளம்பரக் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். 'எங்கள் சைட்டில் விளம்பரம் விற்க இன்னாருக்குத்தான் அனுமதி' என்று ஒரு சின்னப் பட்டியலை சைட்டிலேயே வைத்துவிட வேண்டும். ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்று அதற்குப் பேர். அதில் பேர் இல்லாதவனிடம் பெரிய கம்பெனிகள் விளம்பர இடம் வாங்காது.

அஞ்சலி இரண்டு கம்பெனிகளின் பேரைப் போட்டாள். தொல்லை விட்டது என்று நினைத்தாள்.

அவள் அம்மா முத்துக்கனி ஒரு சடங்கு வீட்டில் வாயை விட்டுவிட்டாள்.

"எனக்க மவ வெப்சைட்டுல ஆரெல்லாம் விளம்பரம் விக்கலாம்னு ஒரு லிஸ்ட் போடுகா."

பேர் லிஸ்ட் என்றால் நம் சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், கல்யாணப் பத்திரிகை. அதில் பேர் விட்டுப்போனால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

போன் அடிக்க ஆரம்பித்தது.

"மக்களே, பெரியம்மைக்க மவன் பேரு உண்டுல்லா?"

"மாமா பேருக்குப் பக்கத்துல ரிட்டயர்டு தாசில்தாருன்னு போட மறந்திராத."

ராஜகுமார் மச்சான் எல்லோருக்கும் ஒரு படி மேலே போனான். "நீ பேரை மட்டும் போடு. நாகர்கோவில் பூரா உனக்க சைட் பேரைச் சொல்லி நான் வித்துக் காட்டுகேன்."

"அது சொந்தக்காரங்க பேரு போடுக லிஸ்ட் இல்ல" என்று சொல்லிச் சொல்லி அஞ்சலிக்குத் தொண்டை வறண்டது. யாருக்கும் காதில் ஏறவில்லை. கண்டவர்கள் பேரும் ஏறினால் சைட்டை எவனும் நம்பமாட்டான். ஏற்றாவிட்டால் சொந்தம் முறைத்துக்கொள்ளும். புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வேறு எல்லோரையும் அழைத்தாகிவிட்டது.

சித்தப்பா கிருஷ்ணமணி மட்டும் தன் பேரைப் போடச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "அது என்ன லிஸ்ட்டு?" என்று விசாரித்தார். அஞ்சலி எல்லாவற்றையும் சொன்னாள்.

"போன் போட்டுப் போட்டு உயிரை எடுக்காவ சித்தப்பா."

"ம்" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மனுசன்தான் இப்போது டீக்கடையில் ஒப்பாரி வைக்கிறார்!

"ஒரு வரிதானே, போட்டு விட்டுரு" என்றான் கணவன் அனில்குமார். "பால்காய்ச்சுக்கு அவரு வரல்லன்னா நல்லாவா இருக்கும்?"

"அவரு பேரைப் போட்டா ராஜகுமார் மச்சானுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அப்பா போன பிறகு அவளுக்கு அப்பாவாக இருந்தவர் அவர்தான். ஆனாலும் அஞ்சலி பட்டியலில் கை வைக்கவில்லை.

அதன்பிறகு போனும் ஓய்ந்துபோனது. வருமானம் மெல்ல ஏறியது. ஆனால் சொந்தத்தில் ஒரு குஞ்சுகூடக் கூப்பிடவில்லை. மொத்தப் பேரும் கோபித்துக்கொண்டார்கள் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பால்காய்ச்சு அன்றைக்கு முதல் ஆளாக வந்து இறங்கியவர் சித்தப்பா. பின்னாலேயே வேன் பிடித்து மற்றவர்களும் வந்தார்கள். ரிட்டயர்டு மாமா அடைப்பிரதமனை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். லிஸ்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, ராஜகுமார் சித்தப்பாவின் தோளில் கைபோட்டு, "சரி விடும் மாமா, சின்னப்பிள்ளைதானே" என்று ஆறுதல் வேறு சொன்னான்.

அஞ்சலிக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவை அடுக்களைப் பக்கம் தனியாக அழைத்துப்போனாள்.

"எம்மேல கோவம்னா ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்லா? ஊரு பூரா சொல்லி என்னை அசிங்கப்படுத்தணுமா சித்தப்பா?"

"கோவமா? எனக்கா?"

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொந்தச் சித்தப்பா பேரே இல்லன்னு நான் ஊரெல்லாம் சொல்லி அழுத பொறவு, ஒருத்தனாவது போன் போட்டு எம்பேரைச் சேருன்னு உங்கிட்ட கேட்டானா மக்களே?"