பின்சீட்டுக்கு வேண்டிய சாமான்கள்

ஏசுபாதம் இரண்டு கையாலும் இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு கழன்று வந்துவிட்டது.

"இது ஆவாது பாய்" என்று அதைக் கல்லாமேசை மீது வைத்தான். "எவ்ளோ இழுத்தாலும் வராத மாதிரி வேணும்."

கிஃபாயத்துல்லாவுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. செங்கல்பட்டு பஜாரில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. பெண்கள் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிற கைப்பிடியை இப்படி இழுத்துப் பார்த்த ஆள் யாருமில்லை.

வாங்குகிற சாமானை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பிடித்த விளையாட்டு. இரட்டை ஹாரன் கேட்டால் பெண் பார்க்கப் போகிறான். பெட்டிக்கு இரண்டு பூட்டு கேட்டால் கூட்டுக் குடும்பம்.

இவன் மட்டும் காலையிலிருந்து பிடிபடவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம் ஏசுபாதத்துக்கு. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறான். வண்டி, போன வாரம் வாங்கிய பழைய ஜாவா.

முதலில் மணலில் சறுக்காத முரட்டுப் பல் டயர் கேட்டான். சரி, குப்பத்துக்கு ரோடு கிடையாது, நியாயம்தான்.

அடுத்து, சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க வலை. ஆக, பின்னால் உட்காரப்போவது பெண்.

பிறகு முதுகு சாய்த்துக்கொள்ள இரும்புச் சட்டம். கால் வைக்க, மிதித்தால் மடங்காத அகலப் பலகை.

சீட்டுக்கு மெரூன் வெல்வெட் உறையை எடுத்துப் போட்டார் கிஃபாயத்துல்லா. அந்த வருடம் ஊரெல்லாம் அதுதான். ஏசுபாதம் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான்.

"தண்ணி ஊத்திக் கழுவுனா போயிடணும் பாய்."

கறுப்பு ரெக்ஸின் எடுத்துக்கொண்டான்.

பருத்த உடம்புக்காரி, சுத்தக்காரி, பயந்த சுபாவம் என்று மனசுக்குள் ஒரு பெண்ணை வரைந்துகொண்டார் கிஃபாயத்துல்லா. கைப்பிடிக்குப் பதிலாகக் கனமான இரும்புத் தடியை வளைத்து, நாலு போல்ட் போட்டு முறுக்கினார். இழுத்தான். அசையவில்லை.

கடைசியாகக் கண்ணாடி. பின்னால் வரும் லாரி தெரிகிற மாதிரி மாட்டித் திருப்பி வைத்தார்.

"ரோடு வேணாம் பாய். பின்னால உக்காந்துகினு கீறவங்க மூஞ்சி தெரியணும்."

கிஃபாயத்துல்லா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டப் போகிறானாம். இவனல்லவா புருஷன்!

"நாளைக்கு வூட்டுக்காரம்மாவ இட்டுகினு வாப்பா. அவங்க உசரத்துக்குச் சரியா வெச்சுத் தரேன்."

"அவ இல்ல பாய்."

ஸ்பேனர் அப்படியே நின்றது.

"போன மாசியில வலி கண்டுச்சு. கூட்டாளி வண்டிய வாங்கி, துண்டால என்னோட சேத்துக் கட்டிகினு கெளம்புனேன். மணலு, இருட்டு, திரும்பிப் பாக்க முடியல. திருக்கழுக்குன்றம் வரைக்கும் பேசிகினுதான் வந்தா." அவன் கண்ணாடியைத் துடைத்தான். அதில் தூசி இல்லை. "ஆஸ்பத்திரி வாசல்ல துண்ட அவுத்தப்போதான் தெரிஞ்சுது. பேச்சு எங்க நின்னுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"இப்ப எங்க குப்பத்துல நாலு பேரு மாசமா கீறாங்க பாய். யாரு உக்காந்தாலும் மூஞ்சி தெரியணும்."

கிஃபாயத்துல்லா ரெக்ஸினைப் பார்த்தார். இரும்புத் தடியைப் பார்த்தார். எழுந்து, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குள் போனார்.

திரும்பி வரும்போது கூடவே அவர் மனைவி ஷாஜாதி வந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் எட்டு மாத வயிறு. ஒன்பது வருடத்தில் அவள் கடை வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஏசுபாதம் பதறி ஒதுங்கி நின்றான்.

நடந்ததை உள்ளேயே கேட்டுக்கொண்டு வந்திருந்தாள் போல. யாரும் சொல்லாமலே, ஸ்டாண்டு போட்டிருந்த வண்டியில் மெதுவாக ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பலகையில் கால் ஊன்றி, தடியைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் கிஃபாயத்துல்லா உட்கார்ந்தார். ஏசுபாதம் கண்ணாடியைத் திருப்பினான்.

"ஆங், தெரியுது" என்றார்.

"தெரியாது" என்றாள் ஷாஜாதி. "வலியோட எவ இப்படி நிமிந்து உக்காருவா? இப்படித்தான் இருப்போம்."

தடியை இறுக்கிக்கொண்டு குனிந்தாள். கண்ணாடியில் எதிர்க்கடையின் ஓடு மட்டும்தான் இருந்தது.

ஏசுபாதம் கண்ணாடியை இறக்கினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது கிஃபாயத்துல்லா கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த பிறகுதான் ஆள் விட்டுச் சொன்னார்கள்.

கண் இறுக மூடி, பல்லைக் கடித்து, நெற்றி நரம்பு புடைக்க, வலி எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்த முகம் இப்போது கண்ணாடிக்குள் வந்தது.

"தெரியுதா பாய்?" என்றான் ஏசுபாதம்.

"தெரியுது" என்று, அதிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்பேனரை வாங்கிக் கண்ணாடியின் நட்டை முறுக்கினார் கிஃபாயத்துல்லா.