உப்புத்தாள் கீறல்

"அண்ணா, மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு. நேத்து புது பிளக்குன்னு எங்க தாத்தா காலத்துத மாட்டிட்டீங்களா?" என்று சிரித்தபடி அனிட்டா பைக்கை நிறுத்தினாள். ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தாள்.

மெக்கானிக் கோபி என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். முனையில் உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் இருந்தன. நேற்றும் இதையேதான் கழற்றினான். அதன் வெள்ளைப் பீங்கானைச் சுத்தியலால் உடைத்துச் சாக்கடையில் எறிந்தான். புதியதை மாட்டி அனுப்பினான். இப்போது பீங்கானில் ஒரு விரிசல்கூட இல்லை.

கீறல்கள் அவன் போட்டவை. போன வருஷம் அனிட்டாவின் அண்ணன் ஸ்டீவ் புது பிளக் போடச் சொல்லி, பைக்கை விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடினான். கடையில் புதியது இல்லை. கோபி பழையதைத் தேய்த்து மாட்டி, புதியது என்று சொல்லிவிட்டான். அன்று மாலை பைபாஸைக் கடக்கும்போது நடுரோட்டில் பைக் நின்றது. கிரானைட் லாரி வந்துகொண்டிருந்தது. ஸ்டீவ் பிழைக்கவில்லை.

"எங்க ஸ்டீவு உங்களத் தவிர யார்கிட்டயும் வண்டி விடமாட்டான். அதான்ணா நானும் இங்கியே வர்றேன்."

"இத ஓட்டாதம்மா" என்றான் கோபி. "ஸ்டீவுக்கு நான் புதுசு போடல. பழசையே தேய்ச்சு மாட்டிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அனிட்டாவின் சிரிப்பு நின்றது.

பைக் ஸ்டார்ட் ஆனது. பிளக் கோபியின் உள்ளங்கையில் இருந்தது. அது இருந்த துளை திறந்து கிடந்தது. சாவி அனிட்டாவின் விரலில் தொங்கியது. என்ஜின் சீராக, ஒரு திணறலும் இல்லாமல் ஓடியது.

அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.